சரிவுக்குக் குறுக்கே ஓர் உழவு

கொத்தனாரின் மனைவி பதினான்கு வருடமாக டிராக்டர் ஓட்டுகிறாள். ஊரின் சரிவு நிலங்களில் பாதிக்கு மேல் அவள் உழுதவைதான். மேலிருந்து கீழாக, நூல் பிடித்தாற்போல் உழுவாள். அந்த நேர்த்திக்காகவே அவளைத் தேடி வந்தார்கள்.

ஒருமுறை விதைத்த கையோடு மூன்று நாள் விடாத மழை. சாலையில் முழங்காலளவு சேறு. அதைத் தள்ளிவிட அவளைத்தான் கூப்பிட்டார்கள். பாதி தள்ளியதும் வண்டியை நிறுத்தி இறங்கினாள். அது சேறல்ல, கறுத்த மேல்மண். நடுநடுவே முளைவிட்ட விதைகள். நிமிர்ந்து பார்த்தால், அவள் உழுத சால் ஒவ்வொன்றும் ஓடையாகியிருந்தது.

"தண்ணிக்கு நானே ரோடு போட்டுக் குடுத்திருக்கேங்க" என்றாள் கணவரிடம்.

"அப்ப ரோட்ட மறிச்சுடு" என்ற கொத்தனார், சுவருக்கு மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த பருவத்தில் அண்ணன் நிலத்தில் பாதியை மட்டும் வேறு மாதிரி உழுது பார்க்கக் கேட்டு வாங்கினாள். குழாயால் மட்டம் பார்த்து, ஒரே உயரத்தில் குச்சிகள் நட்டு, சரிவுக்குக் குறுக்கே உழுதாள். செங்குத்தான விளிம்பை உழாமல் புல் வைத்தாள். சால்கள் வளைந்து நெளிந்து கிடந்தன. ஊரின் இன்னொரு டிராக்டர்காரர் அவளுக்குக் 'குறுக்குப் புத்தி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார். அண்ணனுக்கும் முகம் சுண்டிப்போயிற்று.

மழை வந்தது. இரண்டு பாதியிலும் வழிந்த நீரை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் பிடித்து, பால் சேகரிக்கும் நிலையத்து மேசையில் வைத்தாள். பழைய உழவின் ஜாடியில் நான்கு விரற்கடை மண். மற்றதில் அரை விரற்கடைகூட இல்லை.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். "உங்க அண்ணன் நிலம். நீ என்ன வேணாலும் சொல்லுவம்மா."

"உங்க நிலத்துலயே பாத்துடலாம் சார். உழுது மட்டும் தர்றேன். ஜாடிய நீங்களே புடிங்க, நான் பக்கத்துலயே வரல."

பிடித்துப் பார்த்தார். அதன்பின் அவளுக்குப் பேசும் வேலை இல்லாமல் போயிற்று. பால் ஊற்ற வந்தவர்களை, "முன்னாடி போங்க, முன்னாடி போய் ஜாடியப் பாருங்க" என்று அவரே விரட்டினார்.

இரண்டு வருடத்தில் இருபத்துமூன்று நிலங்கள் குறுக்கு உழவுக்கு மாறின. ஒருநாள் அந்த டிராக்டர்காரர் வரப்போரம் வந்து தலையைச் சொறிந்தார். "எல்லாரும் இப்படித்தான் வேணுங்கிறாங்க. எனக்கு வளைவுல வண்டி இழுக்குது தங்கச்சி."

"ஏறுங்கண்ணே. ரெண்டாவது கியர்லயே போங்க. குச்சியப் பாருங்க, திரும்பிப் பாக்காதீங்க."

முதல் சால் கோணியது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது பிசகாமல் வந்ததும், மிச்ச நிலத்தை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு அவள் இறங்கிக்கொண்டாள்.