பேண்டேஜ் துணி மந்திரக்காரி

அன்றைக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் இருந்தது நான்கு பேர்: முதலாளி, தறி ஓட்டிய என் அம்மா, என் சிநேகிதி மாரி, நான்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மகளின் முழங்காலுக்கு நர்ஸ் கட்டுப் போட்டார். இறுக்கிவிட்டாரோ, ரத்தம் ஓடாதோ என்று பயந்து குனிந்தபோது அந்தப் பேண்டேஜ் துணியின் மணம் மூக்கில் ஏறியது.

அந்த வயதில், டிவி கார்ட்டூனில் கோலைச் சுழற்றியதும் வெள்ளை உடுப்புக்கு மாறும் பெண்மேல் எனக்கும் மாரிக்கும் பைத்தியம். சிநேகிதிக்கு ஆபத்தென்றால் எங்கிருந்தாலும் பறந்து வந்துவிடுவாள். அவளாக மாற, இருவரும் சேர்ந்துதான் தறிக்கூடத்தில் ஒரு பேண்டேஜ் துணிச் சுருளை எடுத்தோம். மாரி இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

முதலாளி வந்துவிட்டார்.

“ஏட்டி, யாரு எடுத்தது?”

“எனக்குத் தெரியாது மொதலாளி, இவதான் எடுத்தா” என்றாள் மாரி, அந்த உடுப்போடேயே.

“கூலியில பிடிச்சுக்கோங்க மொதலாளி, வேலைய விட்டு நிறுத்திராதிய” என்று அம்மா அழுதாள்.

சுருளின் விலை நூற்றறுபது ரூபாய்; அந்தக் கடன் கழிய நானும் நூல் சுற்றப் போனேன். ஏழாம் வகுப்பு அத்தோடு நின்றது.

“கடன்ல பாதி நான் தாரேன்டி” என்றிருந்தாள் மாரி.

கட்டுப் போட்ட காலோடு மகள் என் போனில் ஒரு மந்திரக்காரியைப் பார்த்துச் சிரிக்கிறாள். மாரி இன்னும் எண்பது ரூபாய் தர வேண்டும்.