ஒழுகிய பியூரெட்டுக்குக் குறைந்த மதிப்பெண்

சென்ற ஜூலை பதினான்காம் தேதி, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக் குழு என் அக்கா மகளிடம் உண்மையைக் கேட்டது; கேட்ட பொருள் கிடைத்ததும் அவளை நிராகரித்தது. இதுவே என் குற்றச்சாட்டு.

அக்கா துணிக்கடைக் கல்லாவில் இருக்கிறாள். மகள் பகலில் அறிவியல் பட்டப்படிப்பு, மாலையில் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. தோழிகள் வைத்த பெயர் தராசு. சௌக்கியமா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

அவளுடைய வேதியியல் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். வரவேண்டிய விடையை மூத்த மாணவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் அதற்கேற்ப அளவுகளைப் பின்னாலிருந்து கணக்கிட்டு நிரப்புவார்கள். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளக்க அங்கிருந்த பியூரெட்டுகளின் அடிக்குழாய்கள் எல்லாம் ஒழுகின. இவள் மாற்றுக் கேட்டாள், கிடைக்கவில்லை. வந்த அளவையே எழுதி, குழாய் ஒழுகுகிறது என்றும் குறித்தாள். பருவந்தோறும் மதிப்பெண் சரிந்தது.

விண்ணப்பத்தில் குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் கேட்டிருந்தார்கள். வீட்டில் யாருக்காவது நோய் என்று எழுதுவதே நடைமுறை என்றது பயிற்சி மையம். அக்காவும் இறங்கி வந்தாள்.

"என்னைப் படுக்க வச்சிடுடி, பரவாயில்ல. சீட்டு கிடைச்சதும் எழுந்துக்கிறேன்."

"நீ நல்லாத்தானேம்மா இருக்க," என்றுவிட்டு, குழாய் ஒழுகிய கதையை அப்படியே எழுதினாள் மகள்.

நேர்முகத்துக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். இவளுக்கு முன்னால் போனவன், தந்தை பக்கவாதத்தில் கிடப்பதாகச் சொல்லித் தேர்வானான். அந்தத் தந்தை அப்போது வாசலில், கார் நிறுத்த இடம் கேட்டுக் காவலாளியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கவாதம் இவ்வளவு சுறுசுறுப்பானது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

உள்ளே நடந்ததை வெளியே வந்ததும் அவளே சொன்னாள். குழுத் தலைவர் கேட்டாராம்: "எல்லாருக்கும் சரியா வந்தப்போ, உனக்கு மட்டும் எப்படிம்மா தப்பா வந்துச்சு?"

"அவங்களுக்கும் தப்பாத்தான் சார் வந்துச்சு. எழுதல, அவ்வளவுதான்."

ஒருவர் இருமினாராம். மறு வாரம் கடிதம் வந்தது: 'விளக்கம் ஏற்கத்தக்கதன்று.' அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். மூலம் என்னிடமே இருக்கும்.

அவள் மீண்டும் விண்ணப்பிக்கிறாள், அதே காரணத்தோடு. நாளை ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் ஏறினால், வெப்பமானி காட்டுவதை எழுதுவதா, பக்கத்துப் படுக்கைக்காரரின் அளவை எழுதுவதா? அவள் விளக்கத்தில் எந்த வரி ஏற்கத்தக்கதன்று? சேர்க்கை முடிவதற்குள் இந்த இரண்டு கேள்விக்கும் குழுவிடமிருந்து எழுத்து மூலம், கையொப்பத்துடன் பதில் வேண்டும். தொலைபேசியில் சொல்லப்படும் சமாதானத்தைப் பதிலாகக் கொள்ளமாட்டேன்.