நான்கு போர்டும் இரண்டு எழுத்தும்

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அந்த சீட்டில் என்ன கோளாறு என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அப்படிப்பட்ட என்னிடம், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், சின்ன காஞ்சிபுரத்து மாடியறை ஒன்றில் நான்கு லேப்டாப் போர்டுகளை ஒப்படைத்தார்கள்.

லேப்டாப் என்று சொல்லிவிட்டேனே தவிர, பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். திரை கிடையாது, மூடி கிடையாது. வெறும் பச்சைப் பலகை, அதன்மேல் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள். சென்னையில் ஒரு கம்பெனி பள்ளிப் பிள்ளைகளுக்காக மலிவான லேப்டாப் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்மாதிரியாகச் செய்த போர்டுகளைச் சோதித்துக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு: முதலாளி, சீனியர், நான்.

முதலாளி வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, சொந்த வீட்டு மாடியிலேயே கம்பெனி தொடங்கியவர். சீனியர் இரண்டு தெரு தள்ளி இருந்தவர். சாலிடரிங் கம்பியைப் பிடித்தால் கை நடுங்காது, ஆனால் வாய் சும்மா இருக்காது. இருவருமே பெருமாள் கோயிலைச் சுற்றிப் பரம்பரையாக வாழும் குடும்பத்துக்காரர்கள். காலையில் இருவர் நெற்றியிலும் நாமம் இருக்கும். அதற்குமேல் நான் உற்றுப் பார்த்ததில்லை. நான் கூரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற விவசாயி வீட்டுப் பெண். ஏனாத்தூரில் படித்து முடித்த கையோடு தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை சென்னைலேர்ந்து வரா. நாலு போர்டும் புது சாஃப்ட்வேரோட அவா முன்னாடி ஓடினா உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன். ஓடலேன்னா அவா வேலையையே திருப்பி வாங்கிண்டுடுவா. அப்புறம் உனக்குக் குடுக்க எங்கிட்ட வேலை இருக்காதும்மா."

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. மழை பெய்தால் ஒரு முகம், பெய்யாவிட்டால் ஒரு முகம் என்று வளர்ந்தவள் நான். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. ரொம்பவே வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியது இரண்டு கட்டம். போர்டுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண் விழிப்பது ஃபர்ம்வேர். அது ஒரு சின்னச் சில்லுக்குள் இருக்கும். அது விழித்துத்தான் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுப்பும். ஆகவே முதலில் ஃபர்ம்வேரைப் புதிதாக எழுத வேண்டும், பிறகு புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போச்சு. பழையதும் இருக்காது, புதியதும் முழுசாக இருக்காது. போர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

மின்சார வாரியத்தை நம்பி யாராவது இதைச் செய்வார்களா? நான் யு.பி.எஸ்ஸையும் நம்பவில்லை. அது முதலாளி மேஜைக்கு அடியில் இருந்தது. இரண்டு போர்டுகளை அவர் மேஜைக்கே தூக்கிக்கொண்டு போய், யு.பி.எஸ்ஸின் பச்சை விளக்கை ஒரு கண்ணால் பார்த்தபடி ஃபர்ம்வேரை எழுதினேன். இரண்டும் நல்லபடியாக எழுந்தன. அடையாளத்துக்கு ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கர் பேனாவால் பெரிதாக U என்று போட்டேன். அப்டேட் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

சீனியர் காப்பி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, U-வா?"

"ஆமா சார்."

"ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மச்சினன் இன்ஜினியரிங் முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு' என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தும் போயிருந்தான். சும்மா பார்க்க இது என்ன பொருட்காட்சியா? என் நாற்காலியைத்தான் பார்த்தான் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

அதற்குள் கரண்ட் போய், யு.பி.எஸ் பேட்டரியும் இறங்கிவிட்டது. மீதி இரண்டு போர்டுகளும் சீனியர் மேஜையில் ஸ்டிக்கர் இல்லாமல் இருந்தன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை நான் வரும்போது சீனியர் இல்லை. அடாப்டர் வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார். அவர் மேஜையிலிருந்த இரண்டு போர்டுகளிலும் புதிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இரண்டிலும் பெரிதாக Y.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. Y என்றால் யெஸ். யெஸ், முடித்தாகிவிட்டது. நான் போன பிறகு உட்கார்ந்து என் வேலையை இவரே செய்து முடித்திருக்கிறார்! வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் முன்னால், பாதி வேலை நான்தான் செய்தேன், அந்தப் பெண்ணுக்கு வேகம் போதாது என்று சொல்வார். அடுத்த வாரம் மச்சினன் டிபன் பாக்ஸோடு வந்து என் நாற்காலியில் உட்காருவான். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம்தான். திருடியவரிடமே போய் என்னத்தைத் திருடினீர்கள் என்று கேட்பானேன் என்று இருந்துவிட்டேன்.

ஃபர்ம்வேர் எந்தப் பதிப்பு என்று போர்டு எழும்போது ஒரு கணம் திரையில் காட்டும். எங்களிடமிருந்த பழைய மானிட்டர் விழித்துக்கொள்வதற்குள் அது போய்விடும். எனவே ஸ்டிக்கரை நம்பி, ஒரு Y போர்டில் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினேன். ஏறி முடிந்தது. தானாக ஒருமுறை அணைந்து எழுந்தது. எழுந்த திரை கறுப்பாகவே நின்றது. ஒரு எழுத்து இல்லை. புதுப்பித்த போர்டு இப்படி நிற்காதே? கொஞ்ச நேரம் பொறுத்தேன். அடுத்த வீட்டுத் தறி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. சரி, தொங்கிவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகினேன்.

விளக்கு எரியவில்லை. ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் கூட வந்திருந்த குறிப்புத்தாளை எடுத்துப் படித்தேன். புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே புது ஃபர்ம்வேரும் வைத்து அனுப்பியிருந்தார்கள். முதல் தடவை எழும்போது பழைய ஃபர்ம்வேரைக் கண்டால், அதுவே சத்தம் போடாமல் புதியதை எழுதிக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அப்படியென்றால் இந்த போர்டு புதுப்பிக்கப்படவே இல்லை. அது எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்டைப் பிடுங்கியவள் நான்தான்.

முதலாளி எழுந்து வந்தார். போர்டைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தார். திரும்பித் தன் மேஜையில் இருந்த இரண்டையும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இது யார் போட்ட நாமம்?"

"எனக்குத்தான் சார் நாமம் போட்டுட்டாரு!" என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். "செய்யாத வேலைய செஞ்சாமாதிரி Y போட்டு வெச்சிட்டு ஊருக்குப் போய்க்கினு இருக்காரு சார்!"

"நான் அந்த நாமத்தைச் சொல்லலைம்மா" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அன்றைக்குத்தான் அந்த நெற்றியை ஒழுங்காகப் பார்த்தேன். அவர் வடகலை. U. சீனியர் தென்கலை. கீழே பாதம் வைத்த Y. அவர்கள் தெருக்களில் இந்த இரண்டு வடிவத்துக்காக எத்தனை தலைமுறை பேசாமல் இருந்திருக்கிறார்கள் என்பது எங்கள் கூரத்துக்கே தெரியும். எனக்குத் தெரியாது என்றில்லை. மார்க்கர் பேனாவைப் பிடித்தபோது அது நினைப்பில் இல்லை, அவ்வளவுதான்.

மதியம் சீனியர் அடாப்டர் பையோடு படியேறி வந்தார். நான் விடவில்லை.

"எதுக்கு சார் Y போட்டீங்க?"

"நீ எதுக்கு U போட்டே? அவர் மேஜைல இருக்கறதுக்கெல்லாம் பாத்துப் பாத்துப் போட்டே. என் பக்கம் காலியா இருந்தது. நான் போட்டுண்டேன்."

"U-ன்னா அப்டேட் சார்!"

"அப்டேட்டா?" என்று சிரித்தார். "சரி, சரி. இருக்கட்டும்."

அவர் நம்பவில்லை. வேண்டுமென்றே மாட்டிவிடப் பார்த்தார் என்று நானும் சந்தேகப்படுவதை விடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை யாருக்காகவும் காத்திருக்காது.

முன்மாதிரி என்பதால் ஃபர்ம்வேர் சில்லை ஒட்டாமல், கழற்றி மாட்டும்படி செருகி வைத்திருந்தார்கள். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. நன்றாக இருக்கும் ஒரு போர்டை ஓட விட்டு, ஓடும்போதே அதன் சில்லை உருவிவிட்டு, செத்த சில்லை அந்த இடத்தில் செருகி, அதில் புதிதாக எழுத வேண்டும். கை தவறினால் நல்ல போர்டும் போய்விடும். புதுப்பித்தவை U போட்ட இரண்டும்தான். தன் மேஜையிலிருந்து அதில் ஒன்றை நான் எடுக்க வந்தபோது முதலாளி, "ஏன், அவர் போர்டு எழுந்திருக்க என்னோடதுதான் வேணுமாக்கும்?" என்றார். அதில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. சீனியர் காதில் விழாதமாதிரி இடுக்கியைத் துடைத்தார்.

சில்லைப் பிடுங்குவது அவர், விசை அழுத்துவது நான். அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சில்லு மாறியது. திரை கேட்டது: எழுதலாமா, Y அல்லது N.

"அழுத்தும்மா. Y" என்றார்.

"உங்களுக்குப் புடிச்ச எழுத்துதான் சார்" என்று அழுத்தினேன். அந்தப் பதற்றத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில்லு எழுதி முடித்தது. மறுபடி அதன் போர்டிலேயே மாட்டியதும் விளக்கு எரிந்தது. மீதியிருந்த இன்னொரு Y போர்டை யு.பி.எஸ்ஸில் மாட்டி, இந்தத் தடவை பிளக்கைத் தொடாமல் எழுதி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை சென்னைக்காரர்கள் வந்தார்கள். ஸ்டிக்கர்களையெல்லாம் முந்தின நாளே உரித்துவிட்டிருந்தேன். நான்கு போர்டும் ஓடின. ஒவ்வொன்றையும் அணைத்து எழுப்பிக் காட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த தொகுதி போர்டுகளையும் எங்களுக்கே அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாலையில் முதலாளி வேலை உத்தரவைக் கையில் கொடுத்தார். உழைத்து வாங்கியது என்று நெஞ்சு நிமிர்ந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதலாளி, சீனியர் கீழே இறங்கிவிட்டாரா என்று படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேற யாரா இருந்தாலும் ஒரு போர்டைக் கெடுத்ததுக்கு அனுப்பிச்சிருப்பேன். நீ எதுக்கு என் பக்கம் U போட்டேன்னு எனக்குத் தெரியாதா? மறக்க மாட்டேம்மா."

"சார், இல்ல சார். U-ன்னா அப்டேட்டு. சத்தியமா அப்டேட்டு மட்டுந்தான் சார்."

அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"பேஷ். யார் கேட்டாலும் இதையே சொல்லு."