லிப்ட்டில் சொன்ன புள்ளி

ஜெகதீஸ்வரி அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் இதைச் சொல்ல வேண்டும்: இலக்கத்தில் பொய் சொல்லத் தெரியாத மனுஷி. களுபோவில ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் பகுதியில் பதினான்கு வருஷமாக வேலை. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கட்டடத்தில் நாங்கள் மூன்றாம் மாடி, அவர் ஐந்தாம் மாடி. ஒருமுறை என் மாமனாரின் சீனி ரிப்போர்ட்டைக் காட்டி, "நூத்தித் தொண்ணூறுன்னா கிட்டத்தட்ட நார்மல்தானேக்கா?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட எண்டு ஒண்டு இல்லை, ஸ்ரீலேகா. நூற்றித் தொண்ணூறு எண்டால் நூற்றித் தொண்ணூறுதான்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அப்படிப்பட்டவர்தான் பிறகு ஒன்பது புள்ளியைக் கூட்டிச் சொன்னார்.

காரணம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இருநூறு புள்ளிக்கு ஒரு சோதனை. ஒவ்வொரு பெரிய பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வெட்டுப்புள்ளி. அதைத் தாண்டினால் ஆறாம் வகுப்புக்கு அங்கே போகலாம், தாண்டாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். அக்காவின் மகள் சாருஜாவும் என் மகள் விஷ்ணுப்பிரியாவும் ஒரே வகுப்பு. இரண்டு வருஷம் சனி, ஞாயிறு கிடையாது. பிறந்தநாள் வீடு கிடையாது. தொலைக்காட்சிக்கு வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தோம், செத்த வீடு மாதிரி.

அக்காவுக்கு இதில் ஒரு பழைய காயமும் இருந்தது. அவரும் யாழ்ப்பாணத்தில் இந்தச் சோதனையை எழுதியவர்தான். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. பெறுபேறு கைக்கு வருமுன், சண்டையில் ஊரே வெளியேறிய இடப்பெயர்வு வந்துவிட்டது. "எனக்கு எத்தினை எண்டு இண்டைக்கும் தெரியாது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பெறுபேறு வந்த அன்று மாலை லிப்ட்டில் அக்காவையும் சாருஜாவையும் கண்டேன். என் வாய் சும்மா இருக்குமா? கதவு மூடுமுன்பே, "எங்க விஷ்ணுவுக்கு நூத்தி நாப்பத்தேழு! சாருவுக்கு எத்தனை?" என்றேன்.

அக்கா மேலே ஓடும் மாடி இலக்கத்தைப் பார்த்தார். "நூற்றி ஐம்பத்தெட்டு" என்றார்.

சாருஜா தாயை அண்ணாந்து பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன், ஆனாலும் அப்போது எனக்கு எரிந்த எரிச்சலில் ஒன்றும் ஓடவில்லை. அக்காவுக்கு மட்டும் பதினொரு புள்ளி கூடவா! வீட்டுக்குப் போய் முதல் வேலையாகச் சாருஜாவின் புள்ளியை வகுப்புத் தாய்மாரின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். வாழ்த்துகள் குவிந்தன. முதலிடத்துப் பள்ளிக்கூடத்தின் வெட்டுப்புள்ளி போன வருஷம் நூற்று ஐம்பத்தைந்து. ஆகவே சாருஜா அங்கே போவது நிச்சயம் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. கத்தாரிலிருக்கும் அவர் கணவர் பிரியந்தனுக்கும் யாரோ வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள். பாவம், அந்த மனுஷனுக்கு உண்மைப் புள்ளி தெரியும்.

பிறகு விண்ணப்பம். பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கே பெற்றார் போய், விரும்பும் பள்ளிக்கூடங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். ரபீக்கா டீச்சர் கணினியில் பதிவார். பிழை வரக்கூடாதென்று பரீட்சைச் சுட்டெண், புள்ளி எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துத்தான் பதிவார். பக்கத்து பெஞ்சில் இருக்கிற தாய்மார் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள்.

ஜெகதீஸ்வரி அக்கா முதல் வாரம் போகவில்லை. இரண்டாம் வாரமும் போகவில்லை. கடைசி நாள் மத்தியானம் நானே ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். நானும் ஏன் அதுவரை விண்ணப்பிக்கப் போகவில்லை என்று கேட்காதீர்கள், சொல்கிறேன்.

"நாங்கள் மாத்தேல்லை" என்றார் அக்கா, கதவைப் பாதி திறந்தபடி. "இந்தப் பள்ளிக்கூடமே நல்லம்தானே. கிட்டவும்."

"இங்க பெரிய வகுப்புல, ஏ லெவலுக்கு, சயன்ஸே இல்லியேக்கா! இன்னைக்கு மூணு மணியோட முடியுது. நூத்தி ஐம்பத்தெட்டு எடுத்த பிள்ளைய…"

கதவு மூடியது. நான் லிப்ட்டுக்காக நிற்கும்போது உள்ளேயிருந்து சாருஜாவின் குரல் கேட்டது.

"அப்ப நான் என்னத்துக்கம்மா படிச்சனான்? பொரளைப் பள்ளிக்கூடத்துக்கு என்ர மார்க்ஸ் காணும்தானே?"

பொரளைக்குப் போன வருஷ வெட்டுப்புள்ளி நூற்று நாற்பத்தைந்து. நூற்று ஐம்பத்தெட்டு எடுத்த பிள்ளை பொரளைக்குப் போதுமா என்று ஏன் கேட்க வேண்டும்? எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது, கடவுள் மன்னிக்க வேண்டும். அடுத்த நிமிஷம்தான் மற்றது உறைத்தது. அந்த மனுஷி மானத்துக்குப் பயந்து பிள்ளையின் இடத்தை விடப் போகிறார்.

இரண்டு மணிக்கு விஷ்ணுப்பிரியாவுடன் பள்ளிக்கூடம் போனேன். கடைசி நாளில் கூட்டம் இருக்காது என்று நினைத்த எல்லாரும் அன்றைக்குத்தான் வந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் முறை வரும்போதெல்லாம், "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்று விட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு நாற்பதுக்கு, வியர்த்து வழிய, மகளை இழுத்துக்கொண்டு ஜெகதீஸ்வரி அக்கா வந்து சேர்ந்தார்.

"நீங்கள் முதல் வந்தனீங்கள், போங்கோ" என்றார்.

"இல்லக்கா, நீங்க போங்க."

"இல்லை, நீங்கள்."

"ஆராவது வாங்களே!" ரபீக்கா டீச்சர் கத்தினார். "மூணு மணிக்கு இது பூட்டுப்படும். பொறகு என்னால ஒண்ணும் செய்யேலா!"

நான் அக்காவின் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். மரியாதை என்று நினைத்திருப்பார்.

அவர் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்தார், மூடினார். பெறுபேற்றுத் தாளைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. இரண்டு நாற்பத்தாறு. பெஞ்சில் இன்னும் இரண்டு தாய்மார், பதிந்த தாளின் பிரதிக்காகக் காத்திருந்தார்கள்.

"தாள் பொறகு தாங்க" என்று டீச்சர் சாருஜாவின் பக்கம் திரும்பினார். "மகள், நீங்க சொல்லுங்க. மாக்ஸ் எத்தன?"

சாருஜா தாயின் பக்கம் திரும்பினாள். குரலில் குறும்பு இல்லை, கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"எதம்மா சொல்ல? வீட்டில சொல்லுறதையா, வெளியில சொல்லுறதையா?"

அக்காவின் காது மடல் சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"நூற்றி நாப்பத்தொன்பது" என்றார் அக்கா. ஆஸ்பத்திரிக் குரல். "வெளியில கூட்டிச் சொன்னது நான். பிள்ளை ஒரு இடமும் பொய் சொல்லேல்லை. பொரளையைப் போடுங்கோ, டீச்சர்."

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதிந்தார். "நூத்தி நாப்பத்தொம்போது. பொரள" என்று சத்தமாக வாசித்தார். அவ்வளவுதான். அக்கா எழுந்து, மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இரண்டு பேரும் அழுதார்கள்.

"அடுத்தாள்!"

மணி இரண்டு ஐம்பத்திரண்டு. விட்டுக்கொடுக்க இனி யாரும் இல்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

"மாக்ஸ்?"

விஷ்ணுப்பிரியா என் முகத்தைப் பார்த்தாள். சாருஜா பார்த்த அதே பார்வை. ஐயோ, அவள் வாயைத் திறந்து கேட்டுவிடக் கூடாதே என்று நான் முந்திக்கொண்டேன்.

"நூத்தி முப்பத்தாறு. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தப் போடுங்க."

ஜெகதீஸ்வரி அக்கா கண்ணைத் துடைத்த கையோடு திரும்பினார்.

"நூற்றி நாப்பத்தேழு எண்டெல்லோ அண்டைக்கு லிப்ட்டில சொன்னியள், ஸ்ரீலேகா?"

"ஆமாக்கா" என்றேன். "நான்தான் முதல்ல சொன்னேன்."