யானையின் படத்தில் மனிதக் கால்கள்

மேல் பாதியில் யானையின் நெற்றியும் முதுகும். கீழே, யானைக் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில், லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு மனிதனின் கால்கள். ராஜபாளையத்து ஆபீசில் அந்தப் படத்தைத் திறந்தாள் அல்ஃபியா. அவை வீரணனின் கால்கள். முந்தின நாள் சாயங்காலம் செண்பகத்தோப்புப் பக்கம் யானை மிதித்துச் செத்துப்போன மாந்தோப்புக் காவல்காரர் அவர்.

தோப்போரங்களில் நிற்கும் கேமராப் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆறு வருஷமாகப் பஸ்ஸில் வந்துபோகிறாள். கவனமானவள் என்று பெயர். யானை படத்தில் விழுந்தால் சைரன் அலற வேண்டும். அன்றைக்கு அலறவில்லை.

காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கேமரா புதுப் படத்தை நேராக மெமரியில் கொண்டுபோய் வைக்கும். பிராசசரோ, முன்பு படித்ததன் நகலைத் தன் பக்கத்திலேயே, கேஷ் என்ற தற்காலிக இடத்தில் வைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் படிப்பதற்கு முன்னால், அந்தப் பழைய நகலைத் தூக்கிப் போடு என்று புரோகிராம் சிஸ்டத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி. வேகம் குறைகிறதென்று போன மாதம் அதை எடுத்தது அவள்தான். சற்று முன் நடந்துபோன வீரணனின் கால்கள் இருந்த கீழ்ப்பாதி மட்டும் கேஷிலேயே தங்கி, புதிதாக வந்த யானைப் படத்தோடு ஒட்டிக்கொண்டது. புரோகிராமுக்கு அது யானையாகத் தெரியவில்லை.

"வெளிய சொல்லாதம்மா," என்றார் முதலாளி முத்துராமலிங்கம். "மெஷின்னா அப்படித்தான்னு விட்டுரு."

விட முடியவில்லை. நான்காம் நாள் வீரணனின் மனைவி வெள்ளத்தாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்கு அதெல்லாம் வெளங்கல. அந்த ஒத்த வரி இருந்திருந்தா சைரன் அடிச்சிருக்குமா?"

"அடிச்சிருக்கும்க்கா."

"அவிய தப்பிச்சிருப்பாவளா?"

பதிலுக்கு நிற்காமல் வெள்ளத்தாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் எல்லாப் பெட்டிகளிலும் அந்த வரியைச் சேர்த்தாள். வீரணன் காவலிருந்த தோப்புக்கு மட்டும் நேரில் போனாள். கேமரா முன்னால் தானே நடந்தாள், விலகினாள், லேப்டாப்பில் அடுத்த படத்தைப் பார்த்தாள். வெறும் பாதை. நம்பிக்கை வரவில்லை. திரும்ப நடந்தாள். ஒவ்வொரு முறையும் கண் படத்தின் அடியில்தான் போய் நின்றது. ஒன்றுமில்லாத மண்ணில் யாரோ நடப்பதுபோல் இருந்தது. எத்தனை தடவை நடந்தாளோ, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

புல்லுக்கட்டோடு அந்தப் பக்கமாக வந்த வெள்ளத்தாய் நின்றாள். அல்ஃபியாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஏட்டி, போதும். ஆனை வார நேரம். கெளம்பி வா."

அல்ஃபியா லேப்டாப்பை மூடினாள். வெள்ளத்தாய் முன்னே நடந்தாள். ரோடு வரும்வரை அல்ஃபியா அவள் பின்னாலேயே போனாள்.