ஈரம் காய்வதற்குள் தேரியைத் தாண்ட வேண்டும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதற்கும் பேனா பிடித்ததில்லை. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றுவரை சந்தேகம்தான். படிப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

பேச வராது என்பதால்தான் எழுதுகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். என் மகளைப் பெண் கேட்டு வந்த பையனின் அப்பா, போன புரட்டாசியில் என்னோடு தேரிக்காட்டுக்குள் சைக்கிள் விட்ட கதையை ஊரெல்லாம் சொல்லி வருகிறார். ஒவ்வொரு தடவையும் மணல்மேடு ஓர் ஆள் உயரம் கூடுகிறது. நானும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் ஊர், குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துக்கும் தேரி என்கிற செம்மணல் காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. கடற்கரையில் கருவாடு எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, தேரிக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்களில் விற்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக அந்தச் செம்மண் காட்டைக் குறுக்கே தாண்டி வருகிறேன். அங்கே நிலையான பாதை கிடையாது. ஆடிக் காற்று மணலை அள்ளி இங்கிருந்து அங்கே போட்டுவிடும். போன வருடம் பாதை இருந்த இடத்தில் இந்த வருடம் பனைமரம் இடுப்பளவு புதைந்து நிற்கும். முந்திரி மரங்களின் அடியை ஒட்டிப் போனால் சருகு மெத்தையில் சக்கரம் இறங்காது. அதுவும் விடியற்காலையில் போக வேண்டும். இரவு ஈரத்தில் மணல் இறுகியிருக்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்துவிட்டால் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும். எனக்குத் தெரிந்த படிப்பு இவ்வளவுதான்.

பையனின் அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்காக டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னாராம். அவர் விலை உயர்ந்த கியர் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார். ஆவணியில் பெண் பார்க்க வந்தார்கள். என் மகள் நர்ஸ். பையனும் அவளும் பேசினார்கள், பிடித்துப்போயிற்று. ஆனால் இவர் மட்டும், “யோசிச்சுச் சொல்றோம்” என்று எழுந்துவிட்டார். ஒரு மாதம் பேச்சில்லை. மகள் கேட்கவில்லை, ஆனால் போன் அடித்தால் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். திடீரென்று ஒருநாள் அவர் கூப்பிட்டார். “தம்பி, உங்க தேரிக்குள்ள ஒரு சைக்கிள் ரூட்டு இருக்கு, போன்ல பார்த்தேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போவோம். ஆளப் புரிஞ்சுக்கிட்ட மாதிரியும் இருக்கும்” என்றார்.

என் மனைவி அன்று இரவே உத்தரவு போட்டாள். “அவிய என்ன சொன்னாலும் சரின்னு சொல்லுங்க. எதுத்து ஒரு வார்த்தை பேசிராதிய. பிள்ள வாழ்க்கை இதுல இருக்கு.”

“நான் எங்க பேசுதேன்?” என்றேன்.

“அதான் பயமா இருக்கு. பேசாத ஆளு பேசினா தாங்காது.”

ஐந்தரைக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். ஏழேகாலுக்குக் கார் வந்தது. பின்னால் சைக்கிளைக் கட்டியிருந்தார். இறங்கினவரைப் பார்த்து எங்கள் தெரு நாயே இரண்டடி பின்வாங்கியது. உடம்போடு ஒட்டிய மஞ்சள் சட்டை, தொடையைக் கவ்விய கறுப்புக் கால்சட்டை, மண்டையில் ஓட்டை ஓட்டையாகத் தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, பாதி விரல் இல்லாத கையுறை. முதுகில் தண்ணீர்ப் பை; அதிலிருந்து ஒரு குழாய் வாய்க்கு வந்தது.

உடனே கிளம்பினாலும் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கும். அவரோ காரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மடக்கினார். பிறகு மறு காலை மடக்கினார். இடுப்பைச் சுற்றினார். “உடம்பு சூடாவணும் தம்பி” என்றார். மணல் சூடாகிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டினேன். என் கருவாட்டுச் சைக்கிளைப் பார்த்து, “இதுல கியர் இல்லையே, எப்படி வருவிய?” என்று கவலைப்பட்டார். அதற்கும் தலையாட்டினேன்.

காட்டுக்குள் நுழைந்து ஒரு மைல் போனதும் வழி பிரியும். இடதுபக்கம் என் முந்திரி நிழல். வலதுபக்கம் வெட்ட மணல். அவருடைய கைப்பிடியில் மாட்டியிருந்த போனுக்குள் ஒரு பெண், “வலதுபுறம் திரும்பவும்” என்றாள். என் மனைவிக்கு அடுத்தபடியாக எனக்கு உத்தரவு போட்ட இரண்டாவது பெண் அவள்.

“அண்ணாச்சி, இங்கன…” என்று ஆரம்பித்தேன்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

வலதுபுறம் திரும்பினோம். நூறு அடி போவதற்குள் அவர் சக்கரம் கால்வாசி புதைந்தது. இறங்கித் தள்ளினார். சங்கிலியில் மணல் புகுந்து கரகரவென்று அரைத்தது. கொஞ்ச நேரத்தில் பெடலே சுற்றவில்லை. ஒரு மேடு ஏறினோம். அதற்கு அப்பால் இன்னொரு மேடு. “மேப்புல இங்கன ரோடு இருக்கே!” என்று திரையை எனக்குக் காட்டினார். இருந்தது உண்மைதான். போட்டோ எடுத்த வருடத்தில் இருந்திருக்கும். இப்போது அது எங்கள் காலுக்குக் கீழே பத்தடியில் கிடக்கும். பிறகு போன்காரிக்கும் சிக்னல் போய், அவளும் என்னைப் போல வாயை மூடிக்கொண்டாள்.

முதுகுப்பையில் தண்ணீர் தீர்ந்தது. ஒன்பதரை வெயில். அவர் சைக்கிளை நான் தோளில் போட்டுக்கொண்டு என் சைக்கிளை ஒரு கையால் தள்ளினேன். அவர் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தபடி, தேரியில் எப்படிக் கியர் மாற்ற வேண்டும் என்று எனக்கு விளக்கினார். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. அந்தப் பிரிவில் ஒரே ஒரு வார்த்தை, ‘இடது’ என்று சொல்லியிருந்தால் போதுமே என்று நடந்த வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒருவழியாக உடை முள்மரங்கள் தெரிந்தன. நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள். பையனின் அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்வையில் செம்மண் ஒட்டி, குங்குமம் பூசினது போலச் சிவந்திருந்தது. பேச மூச்சில்லாமல், தண்ணீருக்காக இரண்டு கையையும் ஏந்தினார்.

அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்துக் கண்ணில் ஒற்றி அவர் கையில் வைத்தாள். அப்படியே அவர் காலில் விழுந்தாள்.

குலசைக்குத் தசராக் கொடியேறி அன்று ஆறாம் நாள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளி, குறத்தி, குரங்கு, போலீஸ் என்று வேடம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக் கோயில் உண்டியலில் சேர்க்கும் நாட்கள். எங்கள் பக்கத்தில் அந்த மாதம் வினோதமாக உடுத்தியவர் எல்லாரும் சாமிதான்.

“எம் மவளுக்கு இது பேறுகால மாசம் சாமி. மொதப் பிள்ள வயித்துலயே போயிட்டு. இது நல்லபடியா வரணும்னு தாயிகிட்டச் சொல்லிருங்க” என்றாள். எழுந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். என்னிடம் திரும்பி, “ஏன் அண்ணாச்சி, குலசையில ராக்கெட்டு விடப் போறாவளாமே, அதுல போற ஆளு வேசமா இது?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அந்த அம்மா ஆடுகளை மடக்கப் போனதும் என்மேல் பாய்ந்தார். “என்னப் பார்த்தா பிச்சைக்காரன் மாதிரியா இருக்கு? கூப்பிட்டுக் காசத் திருப்பிக் குடுங்க!”

“திருப்பிக் குடுக்கப்படாது அண்ணாச்சி. பேறுகாலத்துக்கு நேந்து குடுத்தது.”

“அப்ப நீங்களே போட்டிருங்க. கோயில் உங்களுக்குப் பக்கம்தானே.”

“வாங்கின கையாலதான் போடணும்.”

“நான் வீட்டுக்குப் போறேன் தம்பி. மேற்கே ரோட்டுக்குக் காரைக் கொண்டு வரச் சொல்லி டிரைவர்கிட்டக் காலையிலேயே சொல்லியாச்சு.”

காசை என் சட்டைப் பையில் போட வந்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

“முடியாதுன்னா முடியாது! காலையில இருந்து பாக்கேன். அஞ்சரைக்கு வாங்கன்னா ஏழேகாலுக்கு வாரிய. ஈரம் காயுது, நீங்க கால மடக்குதிய. இடது பக்கம் என் பாதை கிடக்கு, போனுக்குள்ள இருக்கவ சொன்னான்னு குழிக்குள்ள இறங்குதிய. உங்க சைக்கிளச் சுமந்து என் தோள் தோலு உரிஞ்சு கிடக்கு, நீங்க எனக்குக் கியரு சொல்லிக் குடுக்கிய! அந்தப் பொம்பள உங்க காலுல விழுந்து எந்திரிச்சிருக்கா. நடங்க கோயிலுக்கு!”

காட்டில் எங்கோ ஒரு மயில் கத்தி நிறுத்தியது. என் சத்தத்தை நானே அன்றுதான் முதலில் கேட்டேன். அடுத்த நொடி மனைவி முகமும், மகள் முகமும் கண்முன் வந்தன. முடிந்தது, பிள்ளை வாழ்க்கையை மணலில் புதைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்; வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, “எந்தப் பக்கம்?” என்றார்.

முந்திரி நிழலில் கிழக்கே திரும்பி நடந்தோம். குலசை ரோட்டில் மேளமும் கூட்டமும். நூறு வேடங்களுக்கு நடுவில் அந்த மஞ்சள் சட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி இடுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றார். காசைப் போட்டுவிட்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

வெளியே வந்ததும், “வாங்க சம்பந்தி, டீ குடிப்போம்” என்றார்.

வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

டீக்கடையில், “உங்க மகளும் இப்படித்தான் சத்தம் போடுமா?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி. அவ வழி பிரியிற இடத்துலயே சொல்லிருவா.”

ஐப்பசியில் நிச்சயம் நடந்தது. அங்கே அவர் சொன்ன கதையில் தேரிக்குள் வழி கண்டுபிடித்தது அவர். கோயிலுக்கு இழுத்துப் போனதும் அவர். அந்த அம்மாவின் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்து இருவரும் சுகம் என்று கருவாடு விற்கப் போன இடத்தில் கேட்டு வந்து சொன்னேன். “ராக்கெட்டுச் சாமிய விசாரிச்சதாச் சொல்லுங்க” என்றாளாம் அந்த அம்மா. அதையும் கதையில் சேர்த்துக்கொண்டார். அவர் வேண்டினால் பலிக்குமாம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் முந்திரி நிழல் பாதையைப் போனில் ஏற்றி, அதற்குத் தன் பெயரையும் வைத்திருக்கிறார். நாளைக்குத் துறைமுக நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டி வருகிறாராம். காலை டிபனை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்றார். ஒன்பது மணிக்கு! நான்கு சைக்கிள், எனக்கு இருப்பதோ இரண்டு தோள். போனில் “சரி” என்று சொல்லித் தொலைத்தேன்.

கல்யாணம் மாசியில். இதை மகளிடம் கொடுக்கப் போகிறேன். தன் மாமனாருக்குப் படம் எடுத்து அனுப்புவதும் அனுப்பாததும் அவள் இஷ்டம். ஆனால் ஐந்தரைக்கு வந்தால்தான் நான் காட்டுக்குள் வருவேன் என்பதை மட்டும் அவள் வாயால் சொல்லிவிட வேண்டும்.

தை 10, சனிக்கிழமை.