தண்ணீர் நின்ற பன்னிரண்டு சென்ட்

என் மனைவி ஆனியில் இறந்தாள். அவள் பார்த்துவந்த சினை எருமை மட்டும் வீட்டில் இருந்தது. விற்றுவிடச் சொல்லி மகன் வாரம் ஒருமுறை போன் செய்தான். போராக அடுக்கியிருந்த சோளத்தட்டு தைப் பொங்கல் வரை வரும் என்று கணக்குப் போட்டு, அதற்குள் பசுந்தீவனம் தயாரானால் எருமை இருக்கும், இல்லையென்றால் விற்பது என்று முடிவு செய்தேன். அதை நோட்டில் எழுதியபோது மனத்தில் வருத்தமோ தவிப்போ இல்லை.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் மேய்ச்சல் காட்டின் தென்மூலை பள்ளம், பன்னிரண்டு சென்ட். மேல்பக்கத்துக் காட்டில் கோழிப்பண்ணைக்காக மண்ணடித்து உயர்த்திய பிறகு, அங்கே விழும் மழையெல்லாம் இந்த மூலைக்குத்தான் வருகிறது. ஈரம் உள்ள இடம் என்று ஆவணியில் அங்கே கோ-4 தீவனப்புல்லின் தண்டுக் கரணைகளை இரண்டடி இடைவெளியில் நட்டேன். எல்லாம் துளிர்த்தன. வாரந்தோறும் உயரம் அளந்து குறித்தேன்.

புரட்டாசி முதல் வாரம் மூன்று நாள் மழை பெய்தது. விடிந்ததும் மண்வெட்டியோடு போய், வரப்பில் உடைந்திருந்த இரண்டு இடங்களையும் அடைத்தேன். எங்கள் பக்கம் மழைத்தண்ணீரைக் காட்டை விட்டு வெளியே விட யாருக்கும் கை வராது. எனக்கும் வரவில்லை. தண்ணீர் பதினாறு நாள் நின்றது. கரணையைப் பிடுங்கினால் வேர் கருத்து, நாற்றத்தோடு கையோடு வந்தது.

எருமையைக் கறக்கவும் கட்டவும் என் மனைவியோடு கூட இருந்த பெண் ஒருத்தி, அப்போதும் காலையில் வந்து சாணி அள்ளிப் போட்டுவிட்டுப் போவாள். அவள் வரப்பில் நின்று பார்த்தாள்.

“ஏனுங்க, தண்ணி போற வழிய அடைச்சது யாருங்க?”

“நான்தான்.”

“அப்பறம் புல்லு நீச்சலா அடிக்குமுங்க? நோட்டுல எழுதி வெச்சீங்களா, அடைச்சேன்னு?”

“எழுதியிருக்கேன்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டாள்.

“ஏரிக் கடைக்கால் வாய்க்கால்ல தண்ணிப்புல்லு கெடக்குது சாமி. காலு முழுகத் தண்ணி நின்னாலும் சாவாது. நாளைக்கு ஒரு கட்டு கொண்டாரேன்.”

“அது களையல்லவா?”

“எருமைகிட்ட கேட்டுட்டுச் சொல்றேனுங்க.”

கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். நீர்ப்புல் என்று புத்தகத்தில் இருப்பது அதுதான், பள்ளத்துக்கு அதுவே சரி, கோ-4 மேட்டில் மட்டும் போதும், வரப்போரம் தீவனத் தழைக்குச் சித்தகத்தி ஊன்றலாம் என்றார். ஐப்பசி முதல் வாரம் நாங்கள் இருவரும் மூன்று கணு உள்ள தண்டுகளைச் சேற்றில் சாய்த்து அழுத்தினோம். வரப்பில் ஒரு வாய் வெட்டிவிட்டேன். தண்ணீர் வெளியே ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சிரமமாக இருந்தது. மனைவி போன பிறகு அதுவரை எனக்குச் சிரமமாக இருந்தது அது ஒன்றுதான்.

கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கொடி பள்ளம் முழுக்கப் படர்ந்தது. மார்கழி கடைசி வாரம் இடுப்பளவு நின்றது. முதல் கட்டை அறுத்துப் போட்டேன். எருமை முகர்ந்து பார்த்தது, பிறகு தலை நிமிராமல் தின்றது.

பொங்கலுக்கு முந்தின நாள், புல் அழுகியபோது நான் வரச்சொல்லியிருந்த மாட்டுத் தரகர் வந்தார். எருமையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டார்.

“மாசியில ஈனும் போல. ஏனுங்க, கயித்த அவுக்கட்டுங்களா?”

“இல்லீங்க. தீவனம் இருக்குது.”

“வரச்சொன்னதே நீங்கதானுங்களே?”

“ஆமாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

சாணிக்கூடையோடு நின்றிருந்த அந்தப் பெண் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. மகனுக்குப் போன் செய்து, விற்கவில்லை என்றேன். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு, மறுநாள் தீவனத்துக்குப் பள்ளத்தின் எந்தப் பக்கம் அறுப்பது என்று பார்க்கப் போனேன்.